அதிபரின் சொற்பட்டியல்

பதுளை நகரத்து மேட்டில் இருந்த அந்தத் தமிழ்ப் பாடசாலையின் கணினி அறையில் பதினெட்டுக் கணினிகள் இருந்தன. அவற்றில் பதினொன்று வேலை செய்தன. பதினொன்றிலும் இணையம் வந்தது. ஆனால் எதைத் திறந்தாலும் பாதி நேரம் சிவப்பாக ஒரு பக்கம்தான் வரும். "இப்பக்கம் மாணவருக்கு உகந்ததன்று. இங்ஙனம், அதிபர்" என்று அதில் எழுதியிருக்கும்.

இதற்குக் காரணம் ஒன்பதாம் ஆண்டுப் பையன்கள். முந்தைய வருடம் மேலிடத்திலிருந்து பாடசாலையைப் பார்வையிட வந்த ஐந்து பேரைத் தலைமையாசிரியரான அதிபர் முத்தையா கணினி அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே பையன்கள் வட்டமாக நின்று மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் பெரியவர் எட்டிப் பார்க்க, ஒரு பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றுவிட்டான்.

அடுத்த வாரமே அதிபர் தடை போட முடிவெடுத்தார். கணினி ஆசிரியர் ஜஸீல் ஒவ்வொரு கணினியிலும் ஒரு மென்பொருளை ஏற்றினார். எந்தெந்தச் சொற்களைத் தடுக்க வேண்டும் என்று கொடுத்துவிட்டால், அந்தச் சொல் உள்ள பக்கம் திறக்காது, எழுதினாலும் சேமிக்காது. சொற்களைத் தானே தருவதாக அதிபர் சொன்னார். அவர் தமிழ் சிறப்புப் பட்டதாரி. இருபத்தாறு வருடம் இலக்கணம் படிப்பித்தவர். இரண்டு நாள் லீவு போட்டு, அகராதியோடு வீட்டில் உட்கார்ந்து, நூற்று எண்பத்தேழு கெட்ட சொற்களைத் தன் கையால் எழுதிக்கொண்டு வந்தார்.

"எல்லாத்துக்கும் பகுதிய மட்டும்தான் எழுதியிருக்கேன், ஜஸீல். பகுதியப் பிடிச்சிட்டா விகுதியெல்லாம் தன்னால மாட்டிக்கும்" என்றார் பெருமையாக.

பட்டியலை ஜஸீல் ஏற்றி முடித்ததும் அதிபர் அதைத் திருப்பி வாங்கித் தன் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் பார்த்துவிட்டால், தெரியாத கெட்ட சொற்களையும் கற்றுக்கொள்வார்களே என்பது அவர் கவலை. ஜஸீலும் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு.

இதெல்லாம் பதினோராம் ஆண்டு படித்த ஜெயந்தினியை அவ்வளவாகப் பாதிக்கவில்லை, மண் சரியும் வரை.

அவள் வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தது. அந்த வருட மழையில் பாதை இரண்டு இடத்தில் சரிந்து பஸ் நின்றுபோனது. தோட்டத்திலிருந்து பதுளைக்குப் படிக்க வந்த பதினான்கு பிள்ளைகளும் பதினாறு நாள் வீட்டிலேயே இருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அதிக நாள் இல்லை.

வகுப்பில் ஜெயந்தினியின் பக்கத்து இருக்கைக்காரி ஷிப்னா. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் லத்தீபின் மகள். அவள் தினமும் தன் கொப்பிகளைப் படம் பிடித்து ஜெயந்தினியின் அப்பா முருகையாவின் போனுக்கு அனுப்பினாள். மொத்தம் நூற்றுப் பத்துப் பக்கம். தோட்டத்துக் கோயில் கூட்டத்தைப் பதிவு செய்ய முருகையா போனை எடுத்தபோது இடமில்லை என்று அது மறுத்தது. அவர் யோசிக்கவில்லை.

"யாரோ கொப்பியெல்லாம் படம் பிடிச்சு அனுப்பியிருந்தாங்க. தவறி வந்திருக்கும்னு அழிச்சிட்டேன்" என்றார் மகளிடம், உதவி செய்தவரைப் போல.

பாதை சரியாகி ஜெயந்தினி பாடசாலைக்கு வந்த அன்று ஷிப்னா ஒரு யோசனையோடு காத்திருந்தாள்.

"ஒரு வெப்சைட் செய்வோம். பாடத்தையெல்லாம் டைப் பண்ணி அதுல போட்டுருவோம். யார் போன்லயும் தொறந்து படிக்கலாம். ஒன்ட வாப்பாவால அத அழிக்க ஏலாது."

"படமாப் போடக் கூடாது. எங்க பக்கம் சிக்னலுக்குப் படம் தொறக்கவே விடிஞ்சுரும். எழுத்தாத்தான் போடணும்" என்றாள் ஜெயந்தினி.

இருவரும் அதிபரிடம் போனார்கள். அவர் முகம் மலர்ந்தது. பாடசாலைக்கென்று ஒரு இணையத்தளம் இல்லையே என்ற குறை அவருக்கும் இருந்தது.

"நல்ல முயற்சி. ஆனா எல்லாம் நம்ம கணினி அறையில, நம்ம இணையத்துல, ஜஸீல் சேர் கண்ணு முன்னாலதான் நடக்கணும். வெளிய போய் போன்ல நோண்டுற வேலையெல்லாம் வேணாம். நம்ம இணையம் சுத்தமான இணையம். அதுல செஞ்சா தளமும் சுத்தமா இருக்கும்."

வாசலுக்கு வந்ததும் ஷிப்னா, "வீட்டுல என்ட போன்ல செஞ்சா மூணு நாள்ல முடிஞ்சுரும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

"தெரிஞ்சா டீச்சருங்க அவங்க குறிப்புக் கொப்பியத் தரமாட்டாங்க. பிறகு எதப் போடுறது? உன் கடைத் துணி விலையையா?"

ஆகவே அவர்கள் ஒழுங்காகக் கணினி அறையிலேயே தொடங்கினார்கள். முதல் பாடம் வரலாறு. ஜெயந்தினி சொல்லச் சொல்ல ஷிப்னா ஒன்றரைப் பக்கம் தட்டச்சு செய்தாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் பக்கம் வந்தது.

"இப்பக்கம் மாணவருக்கு உகந்ததன்று."

இருவரும் பாடத்தை மூன்று முறை படித்துப் பார்த்தார்கள். அதில் ஆளுநர்களும் சட்டங்களும் தவிர ஒன்றும் இல்லை.

"சேர், எந்தச் சொல்லு மாட்டுதுன்னு சொல்லுங்களேன்" என்று ஜெயந்தினி ஜஸீலைக் கேட்டாள்.

ஜஸீல் பயந்த சுபாவம். சொந்த ஊரான பண்டாரவளைக்கு மாற்றம் கேட்டு எழுதிவிட்டு, அதிபர் அதில் கையெழுத்துப் போடுவார் என்று காத்திருந்தவர். "சொல்லக் கூடாது மகள். அதிபர்ட உத்தரவு" என்றார். பிறகு, இன்னும் மெதுவாக, "தடை விழுந்தா பதிவேட்டுல பேரு எழுதணும். அதுவும் உத்தரவு" என்று ஒழுக்கப் பதிவேட்டைத் திறந்தார்.

ஜெயந்தினி சோர்ந்து போகிறவள் அல்ல. பாடத்தைச் சரிபாதியாக வெட்டி மேல் பாதியை மட்டும் சேமித்துப் பார்த்தாள். போனது. கீழ்ப் பாதியைப் பார்த்தாள். சிவப்பு. அதையும் பாதியாக வெட்டினாள். இப்படி வெட்டி வெட்டி, கடைசியில் "தற்போதைய" என்ற ஒரு சொல்லில் வந்து நின்றாள்.

"தற்போதையல என்னடி கெட்டது?" என்றாள் ஷிப்னா.

ஜெயந்தினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல பாரு. போதை."

அன்றிலிருந்து அது அவர்களுக்கு ஒரு வேட்டையாகிவிட்டது. "தற்போதைய" வந்த இடமெல்லாம் "இன்றைய" ஆனது. "அப்போதைய ஆளுநர்", "அக்காலத்து ஆளுநர்" ஆனார். விஞ்ஞானப் பாடத்தில் குடிநீர் மாட்டியது, உள்ளே குடி இருந்ததால். அதைப் பருகும் நீர் ஆக்கினார்கள். மகரந்தச் சேர்க்கை மாட்டியது. தகாத சேர்க்கைகளை நினைத்து அதிபர் எழுதிய சொல்லில் பூவும் வண்டும் சிக்கிக்கொண்டன. "மகரந்தம் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போய் உட்காருதல்" என்று எழுதிவிட்டு, பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி கிடைக்குமா என்று இருவரும் கவலைப்பட்டார்கள். குடியியற் கல்வி என்ற பாடத்துக்குப் பெயரே போட முடியவில்லை. இலங்கைக் குடியரசு என்றும் எழுத முடியவில்லை. கடைசியாக வரலாற்றில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் ஆண்டுச் சட்டத்தால் மலையக மக்கள் குடியுரிமை இழந்த பாடம் வந்தது. அதற்கு மாற்றுச் சொல் எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு முறை சிவப்புப் பக்கம் வந்தபோதும் ஜஸீல் பெருமூச்சு விட்டுக்கொண்டே பதிவேட்டில் எழுதினார். பெயர், மாட்டிய சொல், எத்தனை தடவை. அவ்வளவுக்குத்தான் பதிவேட்டில் கட்டம் இருந்தது.

மாதம் முடிந்ததும் அதிபர் பதிவேட்டைப் பார்த்தார். பார்த்த கையோடு இரண்டு கடிதம் எழுதினார்.

ஜெயந்தினியின் அம்மா இராக்கம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, முகத்தைக் கழுவி, லயத்து வாசலில் நின்று கடிதத்தைப் பிரித்தாள். அவள் ஐந்தாம் ஆண்டு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"தங்கள் மகள் செல்வி ஜெயந்தினி... குடி தொடர்பாகப் பதினொரு தடவையும்... போதை தொடர்பாக நான்கு தடவையும்... தகாத சேர்க்கை தொடர்பாக மூன்று தடவையும்..."

அதற்கு மேல் வாசிக்கவில்லை. "ஜெயந்தினீ!" என்ற சத்தத்தில் பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, அது அப்படி இல்லம்மா..."

"வாயத் தொற. ஊது."

ஜெயந்தினி ஊதினாள். இராக்கம்மா மோந்து பார்த்தாள்.

"தேங்காய்ச் சம்பல் வாசந்தான் அடிக்குது" என்றாள் சந்தேகத்தோடு. "அந்தச் சேர்க்கைக்காரன் யாருடி?"

"பூவும்மா! பூவு!"

"எந்தப் பூவு? எந்த லயம்?"

விளக்கம் சொல்லச் சொல்ல விஷயம் மோசமாகிக்கொண்டே போனதால் ஜெயந்தினி பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை அதிபரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். இராக்கம்மா நல்ல சேலை உடுத்து, வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். ஷிப்னாவின் வாப்பா லத்தீப் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்திருந்தார். பதிவேட்டைக் கையில் பிடித்தபடி ஜஸீல் சுவரோடு சுவராக நின்றார். இரண்டு பெண்களும் தலையைக் குனிந்திருந்தார்கள். ஷிப்னாவுக்கு அழுகை வருவது போலிருந்தது. சிரிப்பும் வருவது போலிருந்தது.

இராக்கம்மாதான் முதலில் பேசினாள். "சேர், எங்க தோட்டத்துல குடிக்கிறவன் பேரெல்லாம் எனக்குத் தெரியுங்க. வரிசையாச் சொல்லுவேன். ஆனா இவ தேத்தண்ணியத் தவிர ஒண்ணும் குடிக்கிற புள்ள இல்லைங்க."

லத்தீப் மெதுவாகக் கேட்டார். "சேர், என்ட மகள் கடிதத்துல ஒம்பது தடவ போதைன்னு போட்டீக்கு. அத நான் நம்பல்ல. ஆனா அந்தச் சேர்க்கை... யாரோடன்னு தெரிஞ்சா நல்லம்."

"வாப்பா!" என்றாள் ஷிப்னா.

அதிபர் கையை உயர்த்தினார். "இவங்க தப்புச் செஞ்சாங்கன்னு நான் இன்னும் முடிவு செய்யல. பதிவேட்டுல இருக்கு. அதான் கூப்பிட்டேன்."

அப்போது ஜெயந்தினி நிமிர்ந்தாள். "சேர், நாங்க பாடத்தைத்தான் எழுதினோம். தற்போதையன்னு எழுதினா போதைன்னு வருது. குடியுரிமைன்னு எழுதினா குடின்னு வருது. உங்க பட்டியல்தான் சேர் எங்கள மாட்டிவிடுது."

அந்தப் பாடசாலையில் அதிபரின் தமிழைக் குறை சொன்னவர் அதுவரை யாரும் இல்லை.

"என் பட்டியல்ல பிழை இருக்காது" என்றார் அவர். "நல்ல தமிழ எழுதினா அது தடுக்காது. நான் நிரூபிச்சுக் காட்டுறேன். எல்லாரும் வாங்க."

தளத்தின் முகப்பில் போடுவதற்காக அவர் எழுதி வைத்திருந்த அதிபர் செய்தி சட்டைப் பையில் தயாராக இருந்தது. கணினி அறையில் ஷிப்னாவை உட்கார வைத்து, பின்னால் நின்று, அதை உரத்து வாசித்தார். மாணவச் செல்வங்களை விளித்தார். முத்தமிழின் பெருமையைச் சொன்னார். அறிவு மலையிலிருந்து அருவியாகக் கொட்ட வேண்டும் என்று வாழ்த்தினார். கடைசியில் தன் பெயரையும் பதவியையும் போடச் சொன்னார். இராக்கம்மாவுக்கு அது கோயிலில் கேட்கும் பேச்சு மாதிரி இருந்ததால் கைகூப்பாத குறையாக நின்றாள்.

"இப்ப சேமி."

ஷிப்னா பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் பக்கம் வந்தது.

"இணைப்புல ஏதோ பழுது" என்றார் அதிபர்.

"இணைப்பு நல்லாத்தான் ஈக்கு சேர்" என்றாள் ஷிப்னா.

ஜெயந்தினி அனுமதி கேட்காமலே குனிந்து, செய்தியைப் பாதியாக வெட்டினாள். அவளுக்கு இது கைவந்த வேலை. இரண்டு நிமிடத்தில் "முத்தமிழ்" என்ற சொல்லில் வந்து நிறுத்தினாள்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "முத்தமிழா?"

ஜஸீல் தொண்டையைச் செருமினார். "சேர், நீங்க பகுதிய மட்டும் எழுதினீங்கதானே. அந்த... அறுபத்து மூணாவது சொல்லு. அதுட பகுதி இதுக்குள்ள வருது."

அறுபத்து மூன்றாவது சொல் என்னவென்று அதிபருக்கு நினைவு வந்தது. முத்தம். முத்தங்கள், முத்தத்தை, முத்தமிட்டான் எல்லாவற்றையும் ஒரே வலையில் பிடிக்க "முத்த" என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"சரி. முத்தமிழை எடுத்துட்டு இயல், இசை, நாடகம்னு போடு."

ஷிப்னா போட்டாள். அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

ஜெயந்தினி மறுபடி வெட்டினாள். மாணவச் செல்வங்கள் தப்பினார்கள். அருவி தப்பியது. கடைசி வரி மட்டும் மிஞ்சியது. "க. முத்தையா, அதிபர்." அவள் "அதிபர்" என்பதை எடுத்துவிட்டு அழுத்தினாள். சிவப்பு. "க" எழுத்தை எடுத்தாள். சிவப்பு. பிறகு கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றாள்.

திரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

"இதுல த இல்லையே. தை அல்லவா இருக்கு?" என்றார் அதிபர். குரல் இறங்கிவிட்டது.

"கம்ப்யூட்டருக்குத் தைன்னு ஒரு எழுத்து இல்ல சேர்" என்றார் ஜஸீல். "அது 'த'வை எழுதிட்டுப் பக்கத்துல ஐகாரக் குறிய ஒட்டும். அப்ப அதுட கண்ணுக்கு முத்த வந்துரும்."

"உயிர்மெய்யப் பிரிச்சு வச்சிருக்கானுங்களா? எவன் செஞ்சது?"

இராக்கம்மா மகளின் காதருகே, அறை முழுதும் கேட்கும்படி கேட்டாள். "ஏன்டி, சேர் பேரு என்ன கெட்ட வார்த்தையா?"

ஷிப்னா மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. லத்தீப் அளவு நாடாவை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜஸீலுக்கு விதி என்றால் விதி. பேனாவைத் திறந்து, மிகுந்த சங்கடத்தோடு கேட்டார். "சேர், பதிவேட்டுல என்ன எழுதட்டும்?"

அதிபர் பதிவேட்டின் பக்கம் கையைக் காட்டினார். "எழுதுங்க. அதிபர். ஒரு தடவை."

"ரெண்டு தடவ சேர். முத்தமிழும் ஈக்கே."

அதிபர் தலையாட்டினார். பிறகு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, "அந்த அறுபத்து மூணாவதை எடுத்துருங்க, ஜஸீல்" என்றார்.

ஜஸீல் தன் கணினிக்குப் போய் எல்லாக் கணினிகளிலிருந்தும் அதை எடுத்தார். ஷிப்னா மறுபடி அழுத்த, செய்தி பேசாமல் சேமித்துக்கொண்டது. அதிபர் எழுந்து கிளம்பப் பார்த்தார். இத்தோடு முடிந்தது என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

"சேர்" என்றாள் ஜெயந்தினி. "உங்க பேரு வந்துருச்சு. எங்க பாடம் இன்னும் வரலைங்க சேர். குடியுரிமைன்னு எழுத வேற சொல்லே இல்ல. ஒரு மாசமாத் தேடிட்டோம்."

"குடி என்பதை எடுத்தா குடிப்பழக்கமெல்லாம் உள்ள வந்துருமே, பிள்ளை."

இராக்கம்மா அதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கடிதத்தில் இருந்த குடி எதுவென்று அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

"இதுக்கா சேர் எங்கள வரச் சொன்னீங்க?" என்றாள். "குடியுரிமைக்கா? எங்க அப்பா அதுக்குப் பேப்பரக் கட்டித் தூக்கிக்கிட்டு ஒப்பீஸ் ஒப்பீஸா நடந்தாருங்க. கடைசில சாகறதுக்கு ரெண்டு வருஷம் முந்திதான் கெடைச்சுச்சு. அந்தக் காகிதத்த கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கோம். அது புள்ளைங்க படிக்கக் கூடாத வார்த்தைங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அதிபருக்கு அது அதிகமாகச் சுட்டது. அவரும் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர்.

"எங்க அப்பாவுக்கு அது கிடைக்கவே இல்லம்மா" என்றார்.

பிறகு தன் அறைக்குப் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பட்டியலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அன்று பகல் முழுவதும் அந்தப் பேரம் நடந்தது. பட்டியலைப் பெண்கள் பார்த்துவிடாதபடி நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு அதிபர் ஒரு பக்கம் உட்கார்ந்தார். பெண்கள் பாடப் புத்தகங்களோடு எதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் தேவையான சொல்லைச் சொல்லச் சொல்ல, அவர் பட்டியலில் தேடி, முனகி, சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். லத்தீப் கடைக்குப் போய்விட்டு, எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் போக மனமில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இராக்கம்மாவும் போகவில்லை. மகள் அதிபரோடு சரிக்குச் சரி பேசுவதைப் பார்க்க இன்னொரு நாள் வாய்க்காது என்று அவளுக்குத் தெரியும்.

"குடி" போனது. "போதை" போனது. "சேர்க்கை"க்கு அதிபர் அரை மணி நேரம் போராடினார். பாடசாலைக்குப் புதிய மாணவர் சேர்க்கை பற்றிய அறிவித்தலைக்கூடப் போட முடியாது என்று ஜஸீல் சொன்ன பிறகுதான் விட்டுக்கொடுத்தார். வாயைத் திறந்து ஒரு கருத்துச் சொன்னது ஜஸீலுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கவர்ச்சி" என்ற சொல்லுக்கு வந்தபோது அதிபர் அசையவில்லை. "இது மட்டும் முடியாது."

"விஞ்ஞானத்துல கவர்ச்சி விசை வருது சேர். காந்தம்..."

"கவர்ச்சி எதுக்கு? ஈர்ப்புன்னு எழுதினா என்ன? நல்ல சொல்."

ஷிப்னாவும் ஜெயந்தினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுவும் மாட்டுது சேர்" என்றாள் ஷிப்னா. "போன கிழமையே பாத்தோம்."

அதிபர் பட்டியலை விரித்துப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டாவதாக அவர் கையெழுத்திலேயே இருந்தது. "எந்த மனநிலையில எழுதினேனோ" என்று முணுமுணுத்துவிட்டு இரண்டையும் அடித்தார்.

பாடசாலை விடும் மணி அடித்தபோது நூற்று எண்பத்தேழில் இருபத்தொன்பது சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. அவை உண்மையிலேயே கெட்ட சொற்கள் என்று அதிபர் உறுதியாகச் சொன்னார். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பதிவேட்டில் இரண்டு பெண்களின் பெயருக்கும் எதிரே "பாட விடயம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் பெயருக்கு எதிரேயும் அதையே எழுதினார்.

இரண்டு வாரத்தில் தளம் தயாரானது. பாடங்கள் அதனதன் சொந்தச் சொற்களோடு இருந்தன. அதிபர் தினமும் ஒரு முறை கணினி அறைக்கு வந்து தன் செய்தி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் தானாகவே புணர்ச்சி விதிகளைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். தலைப்பை வாசித்த ஜஸீல், இதைப் போடுவதற்கு மிஞ்சிய இருபத்தொன்பதில் ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று பணிவாகச் சொன்னார்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மறுபடி அடைமழை பிடித்தது. பாதை முன்பு சரிந்த இடத்திலேயே சரிந்தது. பஸ் நின்றது.

மூன்றாம் நாள் காலை, தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டுத் திரும்பிய கணக்கப்பிள்ளை, கொட்டகைக்குள் பதினான்கு பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்திருப்பதைக் கண்டார். தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அவர்களிடம் ஆறு போன்கள் இருந்தன. ஒரு போனுக்கு இரண்டு மூன்று தலைகள் கவிழ்ந்திருந்தன.

"என்ன இது கூட்டம்? ஏதும் போராட்டமா?" என்றார் பதற்றமாக. தோட்டத்தில் ஆட்கள் ஓரிடத்தில் கூடினாலே அவர் வேலைநிறுத்தம் என்றுதான் நினைப்பார்.

"இல்லைங்க ஐயா. வகுப்புங்க" என்றாள் ஜெயந்தினி.

"வாத்தியார் எங்க?"

அவள் போனைக் காட்டினாள். அவர் வாங்கி, கையை நீட்டித் தூரப் பிடித்து, முந்திய நாள் வகுப்பில் நடந்த, மலையக மக்கள் குடியுரிமையைத் திரும்பப் பெற்ற வரலாற்றுப் பாடத்தை வாசித்தார். ஷிப்னா அதை முந்திய நாள் பின்னேரமே ஏற்றியிருந்தாள். நின்றபடியே முழுப் பாடத்தையும் வாசித்து முடித்துவிட்டு, "மழைச் சாரல் அடிக்குது, உள்ள தள்ளி உக்காருங்க" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தளத்தின் அடியில் கேள்வி கேட்க ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதுவரை அதில் எழுதியவர் அதிபர் மட்டும்தான், எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டி. அன்று பின்னேரம் அதில் புதிதாக ஒன்று வந்திருந்தது. பக்கத்து மாவட்டமான மொனராகலையிலிருந்து மிப்ரான் என்ற பையன் எழுதியிருந்தான். அவன் பாடசாலையில் ஒரு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. வரலாறும் விஞ்ஞானமும் நன்றாக இருக்கின்றன, கணிதம் எப்போது போடுவீர்கள் என்று கேட்டிருந்தான்.

ஜெயந்தினி உடனே ஷிப்னாவை அழைத்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் ஷிப்னா. "நம்ம ஸ்கூல்ட பேரு மொனராகலைக்கே போயிட்டு!"

"அது சரி, கணக்கு யாரு எழுதுறது?"

போன தவணைக் கணிதத்தில் ஷிப்னாவுக்கு முப்பத்தொரு புள்ளி. ஜெயந்தினிக்கு முப்பத்தாறு.

"நீ அஞ்சு புள்ளி கூட எடுத்தீக்கு" என்றாள் ஷிப்னா. "நீ எழுது. நான் டைப் பண்றேன்."

"எனக்கே வெளங்காதத எப்படிடி எழுதுறது?"

"எங்க வெளங்கல்லன்னு ஒனக்குத் தெரியும்தானே. அந்த இடத்துல இருந்து தொடங்கு. நாளைக்கு நான் கணக்கு டீச்சர் கிட்டப் போய் ஒவ்வொண்ணாக் கேட்டு அனுப்புறேன்."

மழை கொட்டகைத் தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஜெயந்தினி போனைப் பக்கத்திலிருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கணிதக் கொப்பியை எடுத்துப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே அவளுக்கு விளங்காத இடம் வந்துவிட்டது. பென்சிலால் அதற்கு அடியில் கோடு போட்டு, "இது ஏன்?" என்று எழுதினாள்.